அயோனியா: பெயரின் பொருளும் பிறப்பும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துருக்கியின் மேற்குக் கரையில், இன்றைய இஸ்மிர் நகரை ஒட்டிய கடலோரப் பகுதியைப் பண்டைக் கிரேக்கர்கள் அயோனியா என்று அழைத்தார்கள். சங்கப் பாட்டில் வரும் ‘யவனர்’ என்ற சொல்லைத் துருவிக்கொண்டு போனால் கடைசியில் இந்த ஊர்ப்பக்கம்தான் வந்து நிற்போம். அதனாலேயே இந்தப் பெயரைப் பற்றித் தமிழில் நிறையக் கேள்விகள் எழுகின்றன.

அயோனியா சரியாக எங்கே இருந்தது? அது ஒரு நாடா?

வடக்கே ஃபொகாயா, தெற்கே மிலேட்டஸ். இரண்டுக்கும் இடைப்பட்ட கடற்கரையும், எதிரே கிடக்கும் கியோஸ், சாமோஸ் தீவுகளும் சேர்ந்ததுதான் அயோனியா. நேர்கோட்டில் அளந்தால் 150 கிலோமீட்டர்கூட வராது. பண்டைக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் 12 நகரங்களைப் பட்டியலிடுகிறார்: மிலேட்டஸ், மியூஸ், பிரியேனே, எபேசஸ், கொலொஃபோன், லெபெடோஸ், தேயோஸ், கிளாசோமெனாய், ஃபொகாயா, எரித்ராய், சாமோஸ், கியோஸ். ஸ்மிர்னா, அதாவது இன்றைய இஸ்மிர், முதலில் அயோலியர் என்ற வேறொரு கிரேக்கக் குடியினருடையது. பிறகுதான் அயோனியர் கைக்கு வந்தது.

ஒரே அரசின் கீழ் இருந்த நாடு அல்ல அது. ஒவ்வொரு நகரமும் தனித்தனி அரசு. மிக்காலே மலைச்சரிவில் பனியோனியோன் என்ற இடத்தில் கடல் தெய்வம் பொசைடனுக்கு எல்லோரும் கூடி விழா எடுத்தார்கள். அவர்களைச் சேர்த்துக் கட்டிய கயிறு அதுதான்.

இன்று போய்ப் பார்ப்பவர்களுக்கு ஒரு தகவல்: பெரிய துறைமுகமாக இருந்த மிலேட்டஸின் இடிபாடுகள் இப்போது கடலை விட்டு வெகுவாக உள்ளே தள்ளிக் கிடக்கின்றன. மேயாண்டர் ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல் வளைகுடாவையே தூர்த்துவிட்டது. கி.மு. 494-இல் பாரசீகரும் அயோனியரும் கடற்போர் நடத்திய லாடே தீவு இன்று வயல்வெளிக்கு நடுவே ஒரு மேடு.

அயோனியா என்றால் என்ன பொருள்?

‘அயோனியர் வாழும் நிலம்’ என்று பொருள். இது மழுப்பல் இல்லை; கிரேக்க வட்டாரப் பெயர்கள் பலவும் இப்படி மக்கள் பெயரிலிருந்து வந்தவைதான். தெஸ்ஸாலியா, மக்கெடோனியா எல்லாம் இதே வகை.

அப்படியானால் ‘அயோனியர்’ என்பதற்கு என்ன பொருள்? அதற்கு ஒத்துக்கொள்ளப்பட்ட விடை கிடையாது. குணப்படுத்துதல் என்ற பொருளுள்ள கிரேக்க வினையோடு சிலர் இணைத்தார்கள். அப்போலோவை அழைத்து எழுப்பும் ‘இயே!’ என்ற வழிபாட்டுக் கூவலிலிருந்து வந்தது என்று வேறு சிலர் சொன்னார்கள். கிரேக்க மொழி அந்தப் பக்கம் வருவதற்கு முன்பே அங்கே பேசப்பட்ட ஏதோ ஒரு மொழியின் சொல் என்பது மூன்றாவது கருத்து. எனக்கு இந்த மூன்றாவதுதான் குறைந்த வலிந்துரையாகப் படுகிறது. காரணம், பெயரின் கடைசிப் பகுதி. மக்கெடோனெஸ், கயோனெஸ், பையோனெஸ் என்று கிரேக்க நாட்டின் வடக்கிலும் வடமேற்கிலும் இருந்த பல குடிகளின் பெயர்கள் இதே ‘ஒனெஸ்’ ஈற்றோடு முடிகின்றன. பழைய குடிப்பெயர்களுக்கான வார்ப்பு அது. முன்பகுதி என்னவென்பதுதான் பிடிபடவில்லை.

பெயரின் பொருளைவிட அது நடந்து வந்த பாதைதான் நமக்குத் தெளிவாகத் தெரியும். கீழே உள்ள விடைகளில் பெரும்பகுதி அந்தப் பாதையைப் பற்றித்தான்.

அயோன் என்ற வீரனின் பெயரால் வந்தது என்கிறார்களே?

கிரேக்கர்களே அப்படித்தான் நம்பினார்கள். ஹெல்லென் என்பவன் எல்லாக் கிரேக்கருக்கும் முன்னோன். அவன் மகன் சூதோஸ். சூதோஸின் மகன் அயோன். அவன் வழிவந்தவர்கள் அயோனியர். ஏதென்ஸில் பழங்காலத்தில் இருந்த நான்கு குலங்களும் அயோனின் நான்கு மகன்களின் பெயரால் அமைந்தவை என்றும் சொன்னார்கள்.

ஏதென்ஸ் நாடகாசிரியர் யூரிப்பிடிஸ் இந்தக் கதையை வைத்து ‘அயோன்’ என்று ஒரு நாடகமே எழுதினார். அதில் அயோன் உண்மையில் அப்போலோவின் மகன். சூதோஸுக்கு அது தெரியாது. கோயிலை விட்டு வெளியே வரும்போது எதிர்ப்படும் முதல் ஆள் உன் மகன் என்று டெல்ஃபியில் இருந்த அப்போலோ கோயில் அவருக்குக் குறி சொல்கிறது. எதிர்ப்பட்டவன் இந்தப் பிள்ளை. கிரேக்கத்தில் ‘இயோன்’ என்றால் ‘போகிறவன்’ என்று பொருள். போகும் வழியில் கிடைத்ததால் அதையே பெயராக வைக்கிறார். நாடகத்துக்கு அழகான சிலேடை, சொல் வரலாற்றுக்கு உதவாது. முதலில் மக்கள் பெயர் இருந்திருக்கிறது, அதற்கு ஒரு முன்னோனைப் பிறகு தேடிக்கொண்டார்கள். கிரேக்கர் பெரும்பாலும் எல்லாக் குடிகளுக்கும் இப்படி ஒரு முன்னோனை வைத்திருந்தார்கள்.

ஊதாப்பூவின் பெயரோடு தொடர்பு உண்டா?

இல்லை. வயலட் பூவுக்குக் கிரேக்கத்தில் ‘இயோன்’ என்று பெயர். அதனால் அயோனுக்கு நங்கைத் தெய்வங்கள் அந்தப் பூவைக் கொடுத்ததாகப் பழங்காலத்திலேயே கதை கட்டினார்கள். ஆனால் பூவின் பெயர் முதலில் ‘வியோன்’ என்று வகரத்தோடு தொடங்கியது. லத்தீனின் ‘வியோலா’ அதன் உறவு. மக்கள் பெயரிலும் ஒரு வகரம் இருந்தது, ஆனால் நடுவில். வகரம் முழுக்க உதிர்ந்த பிறகுதான் இரண்டும் ஒன்றுபோல ஒலிக்கத் தொடங்கின.

வேதியியலில் வரும் அயனி, அயோடின் இரண்டும்?

அயோனியா, அயனி, அயோடின் மூன்றும் மூன்று வேர். அயோடினின் ஆவி ஊதா நிறத்தில் எழும்புவதால் அதற்கு வயலட் பூவின் பெயர் வைத்தார்கள். அயனி என்பதன் மூலச்சொல்லை 1834-இல் மைக்கேல் ஃபாரடே புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். மின்முனையை நோக்கிப் ‘போவது’ என்று பொருள். யூரிப்பிடிஸ் செய்த சிலேடை வேதியியலில்தான் நிஜமாகப் பொருந்துகிறது!

இந்தப் பெயர் எழுத்தில் முதலில் எப்போது வருகிறது?

கிரீட் தீவின் குனோசஸ் அரண்மனையில் கிடைத்த களிமண் பலகைகளில். கி.மு. 1200-க்கு முற்பட்ட இவை, லீனியர் பி என்ற அசையெழுத்தில் எழுதப்பட்டவை. 1952-இல் மைக்கேல் வென்ட்ரிஸ் அந்த எழுத்தைப் படித்துக் காட்டும்வரை அதில் இருப்பது கிரேக்கம் என்றே பலர் நம்பவில்லை. அந்தப் பலகைகளில் ‘இ-ய-வோ-நே’ என்று ஒரு சொல் இருக்கிறது. ‘இயாவொனெஸ்’ என்று படிக்கிறார்கள். இதுவே அயோனியர் பெயரின் மிகப் பழைய வடிவம் என்று கொள்ளப்படுகிறது. பலகைகள் வெறும் அரண்மனைக் கணக்கு. அந்த மக்கள் யார், எங்கே வாழ்ந்தார்கள் என்று அவை எதுவும் சொல்வதில்லை.

அடுத்தது ஹோமர். இலியட்டின் 13-ஆம் பகுதியில் ஒரே ஒரு முறை, ‘தரையில் புரளும் அங்கி அணிந்த இயாஒனெஸ்’ என்று வருகிறது. பலகையில் இருந்த வகரம் இங்கே இல்லை.

அந்த வகரம் எங்கே போனது?

கிரேக்க வட்டார வழக்குகள் பலவற்றிலும் வகர ஒலி காலப்போக்கில் உதிர்ந்தது. திராட்சை மதுவுக்கு ‘வொய்னோஸ்’ என்று இருந்த பெயர் ‘ஒய்னோஸ்’ ஆனது. லத்தீனில் ‘வீனும்’ என்று வகரம் நின்றுவிட்டது. அந்த ஒலியை முதலில் கைவிட்டவர்களில் அயோனியரும் ஏதென்ஸ்காரர்களும் உண்டு. இயாவொனெஸ் என்பதில் வகரம் போனதும் இயாஒனெஸ் ஆனது. பக்கத்தில் பக்கத்தில் நின்ற இரண்டு உயிரொலிகளும் பிறகு ஒன்றாகி நெடில் ஓகாரமாயின. கிடைத்தது ‘இயோனெஸ்’, நிலத்துக்கு ‘இயோனியா’.

அந்த நெடில் ஓகாரத்தை எழுத ஒமேகா என்ற தனி எழுத்து அயோனிய நகரங்களில்தான் உருவானது. கி.மு. 403-இல் ஏதென்ஸ் தன் பழைய நெடுங்கணக்கை விட்டுவிட்டு அயோனிய நெடுங்கணக்கை அரசு முறையாக ஏற்றது. பின்னாளில் கிரேக்க உலகம் முழுவதும் எழுதியது அதைத்தான்.

அயோனியர்கள் ஏதென்ஸிலிருந்து குடியேறியவர்களா?

ஏதென்ஸ் அப்படித்தான் சொல்லிக்கொண்டது. சட்டம் வகுத்த சோலோன் தன் கவிதையில் ஏதென்ஸ் இருக்கும் அத்திக்கா நாட்டை ‘அயோனியாவின் மிகப் பழைய நிலம்’ என்கிறார். மரபுக்கதை இப்படிப் போகிறது: அயோனியர் முதலில் தெற்குக் கிரேக்கத்தில் பெலொப்பொனீசின் வடகரையில் இருந்தார்கள்; அக்கேயர் என்ற இன்னொரு கிரேக்கக் குடி அவர்களை விரட்டியது; அவர்கள் ஏதென்ஸுக்கு வந்து, அங்கிருந்து கோத்ரஸ் அரசனின் மகன்கள் தலைமையில் கடல் கடந்து ஆசியக் கரைக்குப் போனார்கள். பழைய இடத்தில் 12 பகுதிகளாக இருந்ததால்தான் புதிய இடத்திலும் 12 நகரங்கள் என்று ஹெரோடோட்டஸ் விளக்கம் சொல்கிறார்.

மொழி வழியாகப் பார்த்தால் ஏதென்ஸ் வழக்கும் அயோனிய வழக்கும் மிக நெருங்கியவை. அப்பதூரியா என்ற விழாவும் குலப்பெயர்களும் பொது. தொடர்பு இருந்தது உண்மை. ஆனால் ‘தூய அயோனியர்’ என்று பெருமை பேசியவர்களை ஹெரோடோட்டஸ் விட்டுவைக்கவில்லை. யூபோயாவின் அபாந்தர், மினியர் எனப் பல குடிகள் அதில் கலந்திருந்தார்கள் என்கிறார். ஏதென்ஸிலிருந்து போனவர்கள் கூடவே பெண்களை அழைத்துப் போகவில்லை. அங்கே முன்பே வாழ்ந்த காரியர் என்ற குடியின் ஆண்களைக் கொன்று, அவர்கள் வீட்டுப் பெண்களை மணந்துகொண்டார்கள் என்றும் எழுதுகிறார். அந்தப் பெண்கள் கணவரோடு அமர்ந்து உண்பதில்லை, கணவர் பெயரைச் சொல்லி அழைப்பதில்லை என்று சபதம் செய்து, அதை மகள்களுக்கும் கடத்தினார்களாம். அவரும் அதே கரையில் சற்றுத் தெற்கே ஹாலிகார்நாசஸில் பிறந்தவர். உள்ளூர்ப் பெருமையைக் குத்துவதில் அவருக்கு ஒரு தனி ருசி இருந்திருக்க வேண்டும்.

ஏதென்ஸ்காரர்கள் உட்படப் பலரும் ‘அயோனியர்’ என்று அழைக்கப்படுவதை விரும்பவில்லை, வெட்கப்பட்டார்கள் என்றும் அவரே சொல்கிறார்.

ஒரு சின்னக் கடற்கரையின் பெயர் கிழக்கே எல்லாக் கிரேக்கருக்கும் ஆனது எப்படி?

முதலில் கண்ணில் பட்டவர்கள் அவர்கள், அவ்வளவுதான். ஃபிராங்க் என்ற ஒரு குடியின் பெயர், அரபு, பாரசீகம் வழியாக வந்து நம்மூரில் எல்லா ஐரோப்பியருக்கும் ‘பரங்கியர்’ என்று ஆகவில்லையா? அதே கதை.

கி.மு. எட்டாம் நூற்றாண்டில், அசீரிய அரசன் மூன்றாம் திக்லத்-பிலேசர் காலத்துக் கடிதம் ஒன்று, பினீசியக் கரையில் ‘யௌனாய’ ஆட்கள் வந்து கொள்ளையடித்ததைத் தெரிவிக்கிறது.  இது அதே பெயர்தான். பின்னால் வந்த அசீரிய அரசன் இரண்டாம் சர்கோன், இவர்களைக் கடலிலிருந்து மீன்போலப் பிடித்ததாகக் கல்வெட்டில் பீற்றிக்கொள்கிறான்.

எபிரேய வேதத்தில் ‘யாவான்’. தமிழ் பைபிளில் ஆதியாகமம் 10-ஆம் அதிகாரத்தைத் திறந்தால் யாப்பேத்தின் மகன்களில் ஒருவனாக அதே பெயரில் நிற்பான்.

பாரசீகத்தில் ‘யௌன’. கி.மு. 546-ஐ ஒட்டிக் கோரேசு என்று பைபிள் சொல்லும் சைரஸ், லிதியா நாட்டை வென்றபோது அயோனிய நகரங்களும் பாரசீகத்தின் கீழ் வந்தன. பிறகு ஆண்ட பாரசீக அரசன் தாரியஸின் பெஹிஸ்தூன் கல்வெட்டில் அவன் ஆண்ட நாடுகளின் பட்டியலில் யௌன உண்டு. நக்ஷ்-இ-ரோஸ்தம் கல்லறையில் ‘தலையில் கேடயம் தாங்கிய யௌனர்’ என்று இன்னொரு கூட்டம் வருகிறது. அகன்ற விளிம்புத் தொப்பி போட்ட கிரேக்கர்களைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்பது பொதுவான விளக்கம்.

தங்களை இப்படி அழைப்பது கிரேக்கர்களுக்கும் தெரிந்தே இருந்தது. கி.மு. 472-இல் அரங்கேறிய ஏஸ்கிலஸின் ‘பாரசீகர்’ நாடகத்தில் பாரசீக அரசி கிரேக்க நாட்டை ‘இயாஒனெஸ் நிலம்’ என்கிறாள். கி.மு. 425-இல் அரிஸ்டோபனிஸ் தன் நகைச்சுவை நாடகம் ஒன்றில் பாரசீகத் தூதன் வேடமிட்ட பாத்திரத்தை உடைந்த கிரேக்கத்தில் ‘இயாஒனவ்’ என்று ஏதென்ஸ்காரனைத் திட்டவிட்டுச் சிரிக்க வைத்தார்.

‘யவனர்’ என்ற சொல்லும் இதிலிருந்து வந்ததுதானா?

ஆம். அசோகரின் 13-ஆம் பாறைக் கல்வெட்டில் ‘யோன’ அரசன் அந்தியோகன் என்று வருகிறது. சிரியாவை ஆண்ட இரண்டாம் அந்தியோக்கஸ்தான் அவன் என்பது பெரும்பாலோர் முடிவு. பாணினியின் இலக்கணத்தில் ‘யவன’ உண்டு. அப்புறம் பிராகிருதம், வடமொழி வழியாகத் தமிழில் ‘யவனர்’.

ஒரு நுணுக்கம் மட்டும் கவனிக்க வேண்டும். ‘இயாவொனெஸ் என்பதில் இருந்த பழைய வகரத்தை நம் யவனர் என்ற சொல் காப்பாற்றி வைத்திருக்கிறது’ என்று ஆர்வத்தில் சொல்லிவிடுவார்கள். எபிரேய, அசீரிய வடிவங்களுக்கு அது பொருந்தும். நம் சொல்லில் அவ்வளவு உறுதி கிடையாது. பாரசீக ‘யௌன’ பிராகிருதத்தில் ‘யோன’ ஆகி, பிராகிருத ஓகாரத்துக்கு வடமொழியில் ‘அவ’ என்பது இணை என்ற பழக்கத்தில் ‘யவன’ என்று செம்மை செய்யப்பட்டிருக்கலாம். அப்படியானால் நம் வகரம் பழையது அல்ல, மீண்டும் முளைத்தது. இரண்டு கருத்துக்கும் ஆதரவாளர்கள் உண்டு.

வடமொழி மரபும் சிலேடையை விடவில்லை. வால்மீகி ராமாயணத்தின் பால காண்டத்தில், வசிட்டரின் பசுவுடைய யோனிப் பகுதியிலிருந்து யவனர்கள் பிறந்ததாக வருகிறது. யூரிப்பிடிஸ் பெயரை வைத்து விளையாடியதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அப்படியென்றால் சங்க இலக்கிய யவனர் அயோனியாக்காரர்களா?

பெயர் அங்கிருந்து வந்தது என்பதற்காக ஆட்களும் அங்கிருந்தே வந்தார்கள் என்று ஆகாது. அகநானூறு 149-ஆம் பாட்டு முசிறிக்கு வரும் யவனர் கலத்தைப் பற்றி ‘பொன்னொடு வந்து கறியொடு பெயரும்’ என்கிறது. அந்தக் காலத்தில் மிளகுக்காக வந்தவை ரோமப் பேரரசின் ஆட்சியில் இருந்த எகிப்திலிருந்து, செங்கடல் துறைகள் வழியே புறப்பட்ட கப்பல்கள். முதலீடு செய்தவர்களிலும் மாலுமிகளிலும் கிரேக்கம் பேசிய அலெக்சாந்திரியாப் பக்கத்து ஆட்கள் நிறைய. வியன்னாவில் பாதுகாக்கப்படும் முசிறிப் பாப்பிரஸ், கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் முசிறியிலிருந்து ‘ஹெர்மபொல்லோன்’ என்ற கப்பலில் போன சரக்கின் கணக்கைச் சொல்கிறது, எழுதப்பட்டிருப்பது கிரேக்கத்தில். யவனர் என்றால் தமிழ்ப் புலவருக்கு மேற்கே கடல் கடந்து வந்தவர். அவர் எந்த ஊர் என்று யாரும் விசாரித்துக்கொண்டு நிற்கவில்லை.

பிற்காலத்தில் அரபு வணிகர்கள் அந்த இடத்துக்கு வந்ததும் சொல்லும் அவர்களிடம் நகர்ந்தது. நச்சினார்க்கினியர் பெரும்பாணாற்றுப்படை உரையில் யவனர் என்பதற்குச் ‘சோனகர்’ என்று பொருள் எழுதுகிறார். சோனகர் என்பதையும் யவனர், யோனர் என்பதன் திரிபாகவே பொதுவாக விளக்குவார்கள்.

யுனானி மருத்துவம்?

அதே பெயர்தான். அரபு, பாரசீகம், துருக்கி மொழிகளில் கிரேக்கம் ‘யூனான்’. பண்டைக் கிரேக்க மருத்துவர்களான இப்போக்ரட்டீஸ், காலென் ஆகியோரின் மருத்துவம் அரபு வழியாக வந்ததால் யூனானி. இப்போக்ரட்டீஸ் பிறந்த கோஸ் தீவு டோரியர் என்ற வேறொரு கிரேக்கக் குடியினருடையது. ஆனால் அவர் பெயரில் உள்ள நூல்கள் எல்லாம் அயோனிய வழக்கில் இருக்கின்றன. அறிவியல் எழுத அந்த வழக்குதான் என்று ஒரு காலத்தில் வழக்கமாகிவிட்டது. தேலிஸ், அனாக்சிமாந்தர், ஹெராக்ளைட்டஸ் போன்ற முதல் தத்துவ அறிஞர்கள் எல்லாம் அந்தக் கரைக்காரர்கள் என்பதால் வந்த மதிப்பு.

அயோனியக் கடலும் அயோனியாவும் ஒன்றா?

இல்லை, இதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். அயோனியக் கடல் கிரேக்க நாட்டுக்கு மேற்கே, அதற்கும் இத்தாலிக்கும் நடுவே இருக்கிறது. கோர்ஃபு, கெஃபலோனியா, இத்தாக்கா தீவுகள் அங்கேதான். அயோனியாவோ கிழக்கே, ஏஜியன் கடலுக்கு அப்பால். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்து ஒன்றாகிவிடுவதால் குழப்பம். கிரேக்கத்தில் கடலின் பெயருக்குக் குறில் ஒகரம், நிலத்தின் பெயருக்கு நெடில் ஓகாரம். ஏஸ்கிலஸ் பெயரில் வழங்கும் ‘கட்டுண்ட புரொமித்தியஸ்’ நாடகம், பசுவாக்கப்பட்டு நாடெங்கும் ஓடிய ஈயோ என்ற பெண் அதைக் கடந்ததால் கடலுக்கு அந்தப் பெயர் என்கிறது. அதுவும் கதைதான், ஆனால் இரண்டும் வேறு பெயர் என்பதில் சந்தேகம் வேண்டாம்.

இன்று அந்தப் பெயர் எங்காவது புழக்கத்தில் இருக்கிறதா?

இடத்தில் இல்லை, ஆட்களோடு போய்விட்டது. 1923-இல் கிரேக்கமும் துருக்கியும் மக்களைப் பரிமாறிக்கொண்டபோது அந்தக் கரையின் கிரேக்கர்கள் அகதிகளாக வெளியேறினார்கள். ஏதென்ஸை ஒட்டி அவர்கள் குடியேறிய பகுதிகளில் ஒன்று நேயா இயோனியா, அதாவது புது அயோனியா. மற்றொன்று நேயா ஸ்மிர்னி. துருக்கியர்கள் இன்றும் கிரேக்க நாட்டை ‘யூனானிஸ்தான்’ என்கிறார்கள். கிரேக்கர்கள் தங்கள் நாட்டைச் சொல்வது ‘எல்லாதா’ என்று. ஹெல்லாஸ் என்ற பழைய பெயரின் இன்றைய உச்சரிப்பு அது.

தமிழில் அயோனியா என்று எழுதுவதா, இயோனியா என்று எழுதுவதா?

கிரேக்க ஒலிக்கு நெருக்கம் ‘இயோனியா’. ‘அயோனியா’ ஆங்கில உச்சரிப்பு வழியாக வந்தது. பாடப்புத்தகங்கள், அயோனியத் தூண் என்று எழுதும் கட்டடக்கலைக் கட்டுரைகள் வழியாகப் பழகிவிட்டது. தேடுகிறவர்களுக்கு எளிதாகக் கிடைக்கட்டும் என்றுதான் இங்கே அதை வைத்திருக்கிறேன். மூல நூல்களிலிருந்து மொழிபெயர்க்கிறவர்கள் இயோனியா என்று எழுதி, முதல் இடத்தில் மட்டும் மற்ற வடிவத்தையும் குறித்துவிட்டால் போதும். ‘யவன நாடு’ என்று மட்டும் மொழிபெயர்க்க வேண்டாம். தமிழ் வாசகர் அதை ரோம் வரை கொண்டுபோய்விடுவார்.